எழுத்து யாருக்காக?

எழுத்தைப் படிக்கிறோம், எழுத்தைப் பார்ப்பதில்லை. ஏட்டைப் பிரித்ததும் கருத்தைத் தேடி ஓடுகிறது கண். அந்தக் கருத்தைச் சுமந்து நிற்கும் கோடும் வளைவும், சுழியும் கொம்பும் நம் நினைவில் தங்குவதில்லை. சுமப்பவனை மறந்து சுமையை மட்டும் போற்றுவது உலகின் பழக்கம். எழுத்தின் வடிவத்துக்கும் அதே கதிதான்! ஆனால் அந்த வடிவம் தானாக முளைத்ததன்று, வானிலிருந்து இறங்கியதுமன்று. எவரோ ஒருவர் எண்ணி, வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து அமைத்தது. மனிதன் ஆக்கிய எதையும் ‘ஏன்? எவ்வாறு? எவர் பொருட்டு?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டெனில், எழுத்தின் வடிவத்தையும் கேட்கத்தானே வேண்டும்?

இன்று அக்கேள்விக்கு ஓர் உடனடித் தேவையும் உண்டு. ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்த காலம் போயிற்று. கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒருவரே ஒரு புதிய எழுத்துருவை ஆக்கிவிடலாம் என்ற காலம் வந்தது. வியப்பு என்னவெனில், புதுமைக் கருவியைக் கையில் ஏந்திய கலைஞர் பலர் பழமையைத் தேடிச் செல்கின்றனர்! பழைய கல்வெட்டு, பழைய நூல், பழைய சுவரொட்டி, கடைவாசலில் வெயில் பட்டு வெளிறிய பெயர்ப்பலகை ஆகியவற்றைப் படம் பிடிக்கின்றனர். அவற்றின் சாயலில் புத்தம்புது எழுத்துருக்களைப் படைக்கின்றனர்.

இதை நாம் எப்படிக் கொள்வது? ‘பழையது பொன், தொட்டால் தீட்டு’ என்பார் ஒருபுறம். ‘பழையது குப்பை, கொளுத்து’ என்பார் மறுபுறம். முன்னவர் அப்படியே நகல் எடுக்கச் சொல்லுவார். பின்னவர் கண்ணெடுத்தும் பாராதே என்பார். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் சிந்தனைக்கு வேலை இல்லை. வயதைக் கண்டு வணங்குவதும் வயதைக் கண்டு வெறுப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்!

நாம் சொல்வது வேறு. பழமையிடமிருந்து அழகை எடுக்கலாம். ஆணையை எடுக்கக் கூடாது. அறிவை எடுக்கலாம், அதிகாரத்தை எடுக்கக் கூடாது. இப்படிச் சொல்லிவிடுவது எளிது. இந்த இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதுதான் வினா. அதற்கு ஏட்டறிவு போதாது. எழுத்தின் வரலாற்றிலேயே விடை தேடவேண்டும். அவ்வரலாற்றில் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பழமையைக் காதலித்த சிலர் வெவ்வேறு வழியில் நடந்த கதை ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள், தோழர்களே!

இலண்டன் மாநகரின் மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹேமர்ஸ்மித். 1888ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதிக்காரரான எமரி வாக்கர், அச்சுக்கலை பற்றி இலண்டனில் ஒரு சொற்பொழிவாற்றினார். பழைய நூல்களின் பக்கங்களை ஒளிப்படமாக்கி, விளக்கொளியில் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அவற்றுள் ஒன்று, வெனிஸ் நகரில் 1470களில் அச்சுத் தொழில் நடத்திய நிக்கொலா ஜென்சன் என்ற பிரெஞ்சுக்காரரின் எழுத்து. நானூறு ஆண்டுகள் நூலகத்து அலமாரியில் உறங்கிய எழுத்து திரையில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. கூட்டத்தில் அமர்ந்திருந்தார் வில்லியம் மாரிஸ். கவிஞர், கலைஞர், அனைத்துக்கும் மேலாக, உழைப்பவர் உரிமைக்கு மேடையேறிய பொதுவுடைமையாளர். தாமே ஓர் எழுத்தை ஆக்குவதென்று உறுதி பூண்டார்.

அவர் ஆக்கிய முறை கருதத்தக்கது. ஜென்சன் எழுத்தைப் பெரிதாகப் படம் எடுக்கச் செய்தார். அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, மீண்டும் மீண்டும் வரைந்தார். கை பழகிற்று, வளைவின் காரணம் விளங்கிற்று. பின்னர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தம் எழுத்தைத் தாமே வரைந்தார். படி எடுக்கவில்லை, பாடம் எடுத்தார்! இதுதான் ‘கோல்டன்’ எழுத்து. 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகம் அதைக்கொண்டு நூல் அச்சிடத் தொடங்கிற்று. முன்னோரிடம் எப்படிக் கற்பது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1896இல் அந்த அச்சகம் வெளியிட்ட சாசரின் கவிதைத் தொகுதி உலகின் எழில்மிக்க நூல்களுள் ஒன்று எனப் புகழப்படுவது. தாளில் அச்சானவை 425 படிகள். விலை? ஒரு படி 20 பவுன்! அந்நாளைய கூலித் தொழிலாளி பல வாரம் உழைத்தாலும் எட்டாத தொகை. கலை ஒருசிலர் உடைமையாகக் கூடாதென்று மேடைதோறும் முழங்கியவரின் நூல், ஒருசிலர் மாளிகையில் மட்டுமே நுழைந்தது. மாரிஸின் நெஞ்சத்தில் வஞ்சம் இல்லை. கைத்தொழிலின் மேன்மையைக் காக்க நினைத்தார், அதற்கு விலை கூடிற்று. எனினும் முரண் முரண்தான். அழகு பிறந்தது, ஆனால் அது சென்று சேரவேண்டியவரைச் சேரவில்லை.

மாரிஸ் மறைந்தபின் அதே ஹேமர்ஸ்மித்தில் 1900இல் எழுந்தது டவ்ஸ் அச்சகம். நடத்தியவர் இருவர். ஒருவர், முன்னே சொன்ன எமரி வாக்கர். மற்றவர், வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டு நூற்கட்டுக் கலைஞரான காப்டன் சாண்டர்சன். இவர்களும் ஜென்சனிடமே சென்றனர். அவருடைய வடிவத்தை இன்னும் மெலிதாக்கி, தெளிவாக்கி ஓர் எழுத்தைச் செய்வித்தனர். அந்த ஒரே எழுத்தில், ஒரே அளவில், அத்தனை நூல்களையும் அச்சிட்டனர். 1903 முதல் 1905 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட விவிலியம் அவர்களுடைய புகழ்க்கொடி.

நண்பர்கள் பகைத்தனர். கூட்டு முறிந்தது. எழுத்து யாருக்கு? வழக்கு வளர்ந்து உடன்பாடாயிற்று: காப்டன் சாண்டர்சன் வாழும்வரை எழுத்து அவரிடம், அவருக்குப் பின் வாக்கருக்கு. கையொப்பமும் ஆயிற்று. ஆனால் கிழவர் நெஞ்சு ஒப்பவில்லை. தம் எழுத்து வேறொருவர் கைக்குப் போகும், எந்திரத்தில் ஏறும், வாணிகத்துக்கு வளையும் என்று எண்ணி நடுங்கினார். முதலில் மூல அச்சுகளை ஆற்றில் எறிந்தார். பிறகு 1916 ஆகஸ்டு முதல் 1917 ஜனவரி வரை, எழுபத்தைந்தைக் கடந்த அந்த முதியவர், இரவு நேரங்களில் ஈய எழுத்துகளைப் பொட்டலம் பொட்டலமாகச் சுமந்து ஹேமர்ஸ்மித் பாலத்துக்குச் சென்றார். யாரும் காணாத நொடி பார்த்து ஆற்றில் போட்டார். ஏறக்குறைய 170 முறை நடந்தார். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எழுத்து தேம்ஸின் சேற்றில் புதைந்தது. 1922இல் அவர் இறந்தபின், வாக்கருக்கு இழப்பீடு கொடுக்கும் சுமை அவர் மனைவியின் தலையில் விழுந்தது.

பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிந்தியுங்கள். அந்த முதியவர் எழுத்தை வெறுத்தவரா? இல்லை; நேசித்தவர். உயிரினும் மேலாக நேசித்தவர். அந்த நேசமே எழுத்தை நீரில் ஆழ்த்திற்று! தீண்டினால் தீட்டாகும் என்ற எண்ணம் எங்கே நுழைந்தாலும், அன்பும் அழிவாக மாறிவிடுகிறது. கருவறையில் பூட்டியதற்கும் ஆற்றில் போட்டதற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் மக்கள் கைக்கு எட்டாது, அவ்வளவுதானே?

இனி, அதே ஊரின் மற்றொரு கதை. டவ்ஸ் விவிலியத்தின் தொடக்கப் பக்கத்தில் சிவந்த நெடுங்கோடாக நிமிர்ந்து நிற்கும் முதலெழுத்தை எழுதியவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். மருத்துவப் படிப்பை விட்டு எழுத்துக்கலைக்கு வந்தவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பழைய கையெழுத்துச் சுவடிகளின் முன் அமர்ந்து, அகன்ற பேனாவின் நெளிவுகளைத் தாமே கற்றவர். பின்னர் ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர். அவரும் ஹேமர்ஸ்மித்தில் குடியிருந்தவர். அவரும் பழமையின் மாணவர்.

அவரைத் தேடி வந்தார் ஃபிராங்க் பிக் என்ற அலுவலர். இலண்டன் சுரங்க இரயில் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பு அவருடையது. நிலையங்களில் விளம்பரங்கள் மொய்த்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே நிலையத்தின் பெயர் எதுவெனப் பயணி தேடித் தவித்தான். விளம்பரத்தோடு குழம்பாத, ஓடும் வண்டியிலிருந்தும் ஒரு பார்வையில் படிக்கத்தக்க எழுத்து வேண்டும் என்றார் பிக். ஜான்ஸ்டன் என்ன செய்தார்? உரோமானியக் கல்வெட்டுப் பெரிய எழுத்துகளின் அளவு விகிதத்தை எடுத்துக்கொண்டார். முழு வட்டமான ‘ஓ’. அகலம் குறுகிய ‘இ’. எல்லாம் பழைய கணக்கு. ஆனால் அந்தக் கல்லெழுத்தின் நுனிகளில் இருந்த குஞ்சங்களை நீக்கினார். கோடெல்லாம் ஒரே பருமனாக்கினார். சிறிய ‘ஐ’ எழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளியை மட்டும் சாய்சதுரமாக விட்டார். அகன்ற பேனாவைத் தாளில் ஒற்றினால் விழும் தடம் அது. தாம் கற்ற பழஞ்சுவடிக்கு அவர் செலுத்திய நன்றி அது!

அந்த எழுத்து பயனுக்கு வந்த ஆண்டு எது தெரியுமா? 1916. காப்டன் சாண்டர்சன் பாலத்துக்கு நடந்த அதே ஆண்டு! ஒரே பள்ளியில் பழமையைப் பயின்ற இருவர்; ஒரே நகரம்; ஒரே ஆண்டு. ஒருவர் இரவின் இருளில் எழுத்தை ஆற்றுக்குள் இறக்கினார். மற்றவர் நிலத்தடி இருளுக்குள் எழுத்தை ஒளியாக ஏற்றினார். முன்னதைப் படிக்கப் பணமும் வேண்டும், நூலகமும் வேண்டும். பின்னதைப் படிக்க இரயிலடியில் நிற்கும் இரண்டு கால்கள் போதும். கூலி வேலைக்குப் போகிறவளும் படித்தாள். கோமான் வீட்டுப் பிள்ளையும் படித்தான். அந்த எழுத்தின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது என்பது மெய். ஆயினும் அதன் பயன் வழிப்போக்கர் கண்ணுக்குச் சென்றது. காலத்துக்கேற்பத் திருத்தவும் பட்டது: 1979இல் ஒருமுறை, நூறாண்டு நிறைந்த 2016இல் மற்றொருமுறை. திருத்தத்துக்கு இடம் கொடுத்தது, ஆகவே வாழ்கிறது!

காப்டன் சாண்டர்சனுக்காக வழக்காடுவோரும் இருப்பர். “அழகிய எழுத்து சந்தைக்கு வந்தால் என்ன ஆகிறது? சோப்புக்கும் சுருட்டுக்கும் விளம்பரமாகிறது. மலிவு வரும்போது மாண்பு போகிறது. அவர் அஞ்சியது பொய்யா?” என்று கேட்பர். பொய் என்று நாம் சொல்லோம். வாணிகம் எதையும் விழுங்கும். நேற்றைய எளியவரின் கடைப்பலகை எழுத்தை இன்று ஆடம்பர உணவு விடுதியின் அட்டையில் ஏற்றி, ‘பழமை மணம்’ என்று கூடுதல் விலை கேட்கும். இது நம் கண்முன் நடப்பதுதான். ஆனால் நோய்க்கு அஞ்சிக் குழந்தையைக் கொல்வார் உண்டோ? தவறாகப் பயன்படும் என்பதற்காக எழுத்தையே அழிப்பது எனின், மொழியையும் அல்லவா அழிக்க வேண்டும்! பொய்யரும் அதே மொழியில்தான் பேசுகிறார்கள். தீய பயனுக்கு மருந்து நல்ல பயன்தானே தவிர, பூட்டு அன்று.

வாணிகத்தைக் காட்டிலும் கொடியதொரு பயன் உண்டு. அது அதிகாரத்தின் பயன். அதைக் காண ஜெர்மனிக்குச் செல்லவேண்டும். கோணல் முறிவுகளோடு அடர்ந்து நிற்கும் முறுக்கெழுத்து ஐரோப்பாவில் பழமையானது. கூட்டன்பர்க் 1450களில் அச்சிட்ட விவிலியம் அந்தக் குடும்பத்து எழுத்தில்தான் அமைந்தது. அதில் குற்றம் ஏதும் இல்லை. கோட்டுக்கும் வளைவுக்கும் குலமேது, குற்றமேது? ஆனால் 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் அதற்குக் குலம் கற்பித்தனர். ‘இதுவே ஜெர்மானிய இரத்தத்தின் எழுத்து’ என்றனர். அந்த ஆண்டுகளில் பழைய முறுக்கெழுத்தின் சாயலில் புதிய எழுத்துகள் பல வந்தன. வளைவை வெட்டி, விறைப்பைக் கூட்டி, படைவீரனைப் போல நிறுத்தப்பட்டவை அவை. ‘டானென்பெர்க்’ என்பது அவற்றுள் ஒன்று. 1914இல் நடந்த ஒரு போரின் பெயர் அது! முழங்கால்வரை ஏறும் பட்டாளத்துப் பூட்சின் பெயரைச் சூட்டி அந்த எழுத்து வகையை எள்ளியோரும் உண்டு.

பிறகு நடந்ததைக் கேட்டால் நகைப்பீர்கள். 1941 ஜனவரி 3ஆம் நாள் நாஜிக் கட்சியின் தலைமையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கையொப்பமிட்டவர் போர்மன். ‘ஜெர்மானிய எழுத்தெனப்படும் இது உண்மையில் யூதர் எழுத்து, இனி விலக்கப்படுகிறது’ என்பது அதன் சாரம். நேற்றுவரை ‘இரத்தத்தின் எழுத்து’. இன்று ‘பகைவன் எழுத்து’! அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பிலேயே விலக்கப்பட்ட எழுத்து அச்சாகி இருந்ததுதான் வேடிக்கை. கைப்பற்றிய நாடுகளில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. ஆணை போட்டாலும் படிப்பார் இல்லை என்பதே உண்மைக் காரணம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். தேவைப்பட்டபோது குலப்பெருமை, தேவை தீர்ந்ததும் குலப்பழி. பழமையின் பெயரால் ஆணையிடுவோர்க்குப் பழமையின்மீதே அன்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஜான்ஸ்டன் எடுத்த உரோமானிய எழுத்தும் ஆதிக்கத்தின் எழுத்துத்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்! எழுத்துக்கலைஞர் பலர் போற்றும் அக்கல்வெட்டு, கி.பி. 113இல் எழுந்த டிராஜன் தூணின் அடியில் உள்ளது. டேசியர் என்ற மக்களை உரோமப் பேரரசன் வென்ற கதையைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கிய வெற்றித்தூண் அது. அடிமைப்பட்டோரின் கண்ணீர் அந்தக் கல்லில் உண்டு. பின் வேறுபாடு எங்கே? ஜான்ஸ்டன் தூணிலிருந்து விகிதத்தை எடுத்தார். வெற்றி முழக்கத்தை எடுக்கவில்லை. நாஜிகள் முறுக்கெழுத்திலிருந்து முழக்கத்தை எடுத்தனர், மென்மையை எறிந்தனர். அளவும் விகிதமும் அறிவின் பாற்பட்டவை. எவர் எடுத்தாலும் எவருக்கும் குறையாது. ஆணையோ, ஒருவன் உயர ஒருவன் குனியவேண்டும் என்பது. அழகையும் ஆணையையும் பிரித்தறியும் அளவுகோல் இதுதான்.

அந்தத் தூணின் எழுத்தைச் செதுக்கியவன் பெயர் என்ன? எவருக்கும் தெரியாது. அரசன் பெயர் கல்லில் இருக்கிறது; கல்தச்சன் பெயர் காற்றில் போயிற்று! மாரிஸின் எழுத்தையும், டவ்ஸ் எழுத்தையும் எஃகுத் துண்டின் முனையில் மயிரிழை பிசகாமல் தலைகீழாகச் செதுக்கியவர் எட்வர்ட் பிரின்ஸ் என்ற கைவினைஞர். அந்த எழுத்துகளைப் போற்றுவோருள் எத்தனை பேர் நாவில் அவர் பெயர் வருகிறது? எழுத்துக்குரியவர் யாரென்று வழக்காடிய இருவருள் எவரும் அதைச் செதுக்கியவரல்லர்!

பழைய எழுத்திலிருந்து புதிய எழுத்தை ஆக்குவோர்க்கு முன் நிற்கும் அறக்கேள்வி இதுவே. நூலகத்து எழுத்துக்கேனும் ஒரு பெயர் உண்டு. தெருவோரப் பெயர்ப்பலகையை எழுதியவருக்கு? ஏணிமேல் நின்று, வெயிலில் வெந்து, நூல் பிடித்து, கோடு போட்டு, எனாமல் வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு எழுதியவர் அவர். பிளக்ஸ் பதாகை வந்தது. அவர் பிழைப்பு போயிற்று. பிழைப்புப் போனபின் அவர் எழுத்து ‘கலை’ ஆகிறது! படம் பிடிக்க ஆள் வருகிறது, கணிப்பொறியில் ஏறுகிறது, விலைக்குப் போகிறது. அவருக்கு என்ன வருகிறது?

இதற்கு விடை இல்லாமல் இல்லை. தில்லியில் வாழ்ந்து 2024இல் மறைந்த கலைஞர் ஹனீஃப் குரேஷி ஒரு வழி காட்டினார். தெருப்பலகை எழுதுவோரிடமே சென்றார். அவர்களையே எழுத்து வரிசை முழுவதையும் எழுதித் தரச் சொன்னார். அதைக் கணிப்பொறி எழுத்துருவாக்கினார். பெயர் என்ன வைத்தார்? ‘பெயின்டர் உமேஷ்’ என்று எழுதியவர் பெயரையே வைத்தார்! விற்பனையில் ஓவியருக்குப் பங்கு சேரவும் வழி செய்தார். பெரிய புரட்சியன்று, சின்னச் செயல். ஆனால் கல்தச்சனை மறந்த ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்துக்கு எதிரான செயல். எளியவர் கைவண்ணத்தை எடுத்துக்கொண்டு எளியவரை மறப்பது நகல் அன்று, களவு. பெயரைச் சொல்லி, பங்கைத் தந்து எடுப்பதுதான் மரபு.

இலண்டனையும் பெர்லினையும் பார்த்த நாம் நம் வீட்டு எழுத்தையும் பார்க்க வேண்டாமா? தமிழிலும் இன்று புதிய எழுத்துருக்கள் பல வருகின்றன. பழைய நூலின் தலைப்பு, பழைய திரைப்படச் சுவரொட்டி இவற்றின் சாயலில் எழுத்து ஆக்க முனைவோர்க்கு உடனே ஒரு சிக்கல் எழும். யானைத் துதிக்கைபோல் முன்னே சுருண்டு நின்ற பழைய ‘லை’யை என்ன செய்வது? சுழித்து வளைந்த பழைய ‘னா’வை என்ன செய்வது? பழையபடியே போட்டால்தானே பழைய அழகு முழுமையாக வரும் என்று கை துடிக்கும்.

‘தொன்மைத் தமிழ் எழுத்தை மாற்றலாமா?’ என்று ஒரு குரல் எழும். எந்தத் தொன்மை என்று நாம் கேட்போம். ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைக்காமல் எழுதினர். புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அந்தத் தொன்மையா? குறிலுக்குப் புள்ளியிட்டு, புள்ளியில்லாத எகரத்தையும் ஒகரத்தையும் நெடிலாகப் படித்தனர் ஒரு காலத்தில். வீரமாமுனிவர் அதை மாற்றி நெடிலுக்குத் தனி வடிவு தந்தார் என்பர். அதற்கு முந்திய தொன்மையா? 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் எழுத்தா? அதற்கும் முன்னே வட்டெழுத்து. அதற்கும் முன்னே பாறைக் குகைகளில் தமிழி. மாறாத எழுத்தென்று ஒன்று இருந்ததே இல்லை! ஒவ்வொரு காலத்தவரும் தம் கருவிக்கும் தம் கண்ணுக்கும் ஏற்ப மாற்றியதைத்தான் நாம் ‘தொன்மை’ என்று தொழுகிறோம்.

1935இல் பெரியார் தம் ‘குடிஅரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ணா, றா, னா. ணை, லை, ளை, னை. இவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப்போலவே ஒழுங்குக்கு வரும் முறையை 1978இல் தமிழக அரசு ஆணையாக ஏற்றது. அன்று சொன்ன காரணங்களுள் ஒன்று அச்சுத் தொழில் பற்றியது. அச்சுக் கோப்பவரின் பெட்டியில் தனி எழுத்துகள் குறையும், வேலை எளிதாகும்.

இங்கே பகுத்தறிவாளர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஈய எழுத்தும் போயிற்று. கோப்பவர் பெட்டியும் போயிற்று. கணிப்பொறிக்குப் பழைய ‘லை’யும் ஒன்றுதான், புதிய ‘லை’யும் ஒன்றுதான். காரணம் போனபின் காரியம் மட்டும் நிற்பதேன்? ‘பெரியார் சொன்னார், ஆகவே நிற்கட்டும்’ என்றால், அது பழையவர் பேசும் பேச்சல்லவா? சீர்திருத்தத்தையும் வேதமாக்கினால் சீர்திருத்தம் எதற்கு? ஆராய்வோம்: ஒரு காரணம் போயிற்று, மற்றொன்று இருக்கிறது. ஐகாரத்துக்கு ஒரே குறி என்று கற்கும் குழந்தைக்கு, நான்கு எழுத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று சுமையேற்ற வேண்டாம் என்பது அக்காரணம். குழந்தை இருக்கிறது, எழுதப் படிக்கப் புதிதாகக் கற்கும் பெரியவர் இருக்கிறார். ஆகவே சீர்திருத்தம் நிற்கிறது. சொன்னவர் பெருமையால் அன்று, சொன்னதன் வலிமையால் நிற்கிறது!

அப்படியாயின் பழைய ‘லை’ ஆற்றுக்குப் போகவேண்டியதா? வேண்டாம்! கணிப்பொறிக்கான ஒருங்குறி முறையில் ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்தது. அதைத் திரையில் எந்த வடிவில் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. எனவே ஒரே எழுத்துருவுக்குள் புதிய வடிவைப் பொதுவாக வைத்து, பழைய வடிவை விரும்பினோர் எடுத்துக்கொள்ளும் மாற்று வடிவாகச் சேர்க்க இயலும். பாடநூலில், மருந்துச் சீட்டில், பேருந்துப் பலகையில் புதியது. பழைய நூலின் மறுபதிப்பிலும், வரலாற்றை உணர்த்தும் தலைப்பிலும் பழையது. படிப்பவர்க்கு இடர் இல்லை. வரலாற்றுக்கு இழப்பும் இல்லை.

ஆகவே, பழைய எழுத்தைத் தேடிச் செல்லும் இளங்கலைஞர்க்கு மூன்று கேள்விகளைக் கையில் தருகிறோம். உன் எழுத்தைப் படிக்கப் போகிறவர் யார். அவர் கண்ணுக்கு அது எளிதா? நீ எடுத்த வடிவை முதலில் ஆக்கிய கை எது. அதன் பெயரைச் சொன்னாயா, அதற்குரியதைத் தந்தாயா? அந்தப் பழமையிலிருந்து நீ எடுத்தது அளவையா, ஆணவத்தையா? மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால், எத்தனை நூற்றாண்டுப் பழைய கல்லிலிருந்தும் எடு, தடுப்பார் இல்லை. ஒன்றுக்கேனும் விடை சொல்ல முடியாவிடில், எவ்வளவு அழகாய் இருந்தாலும் அது இன்னொரு வெற்றித்தூண்தான்.

தேம்ஸ் ஆறு டவ்ஸ் எழுத்தை நெடுங்காலம் காத்து வைத்திருக்க முடியவில்லை. இராபர்ட் கிரீன் என்ற எழுத்துக்கலைஞர் அச்சான பக்கங்களை நுணுகி ஆராய்ந்து, 2013இல் அந்த எழுத்தைக் கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் வெளியிட்டார். 2014இல் முக்குளிப்போர் துணையோடு அந்தப் பாலத்தடியில் தேடி, 150 ஈய எழுத்துகளை மீட்டார். நூறாண்டு சேற்றில் கிடந்தவை! எந்தக் கைக்கும் போகக்கூடாதென்று ஒருவர் ஆழ்த்தியதை, இன்று விரும்பும் எவரும் தம் மேசைமேல் வைத்து எழுதலாம். முதியவர் அஞ்சியபடி உலகம் இடிந்துவிடவில்லை. நல்ல நூல்கள் சில கூடுதலாக அழகு பெற்றன. அவ்வளவே.

தோழர்களே! உங்கள் ஊர்க் கடைத்தெருவில் தூரிகையால் எழுதிய பலகை இன்னும் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டிருக்கும். நின்று பாருங்கள், அந்த வளைவைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதியவர் அந்த ஊரிலேயே இருக்கலாம். விசாரித்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, படிக்கத் தடுமாறும் ஒருவருக்கு எளிதாகும்படி ஓர் எழுத்தை வரையுங்கள். எழுத்து, அதைக் கையாள்வோர் பெருமைக்காக அன்று. அதைப் படிப்பவர் உரிமைக்காக!